கேட்பவரின் வலது கை

காலையில் கூடம் திறப்பதற்குள் எல்லோருக்கும் தூசி தட்டி முடித்தாக வேண்டும். 'எல்லோருக்கும்' என்று சொல்லாதீர்கள், 'எல்லாவற்றுக்கும்' என்று சொல்லுங்கள் என்று பயிற்சியில் எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தார்கள். எங்கள் வாய் திருந்தவில்லை. மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு தோள்மடிப்பு, விலா இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் என்று மேலிருந்து கீழே வருவோம். ஈரத்துணி ஆகாது. நடப்பவர், சாய்ந்தவர், ஓடுபவள், குனிந்தவர், கேட்பவர் என்று நிற்கிற கோலத்தை வைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் பெயர். வேறு பெயர் வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

நான் ரெனிஷா. சொந்த ஊர் மார்த்தாண்டம், பிழைப்பு சேலத்தில். ஒருமைக் கூடத்தில் மெய்யிணைப்பாளர் வேலை. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று தெரிந்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். செத்தவர்களைத் தொடுகிற கையால் சாப்பிட மாட்டேன் என்பவர்கள்கூட, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவையாவது எங்கள் கூடத்துக்கு வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்தான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்பது விதி. வரிசையாக வருவார்கள். கூடத்தில் நிற்கிற உடல்களுக்குத் தோல் கிடையாது. தோல் இருந்தால் நிறம் தெரியும், பச்சை குத்தியது தெரியும், தழும்பு தெரியும். முகமும் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்தது. இவர்களில் யார் எந்த ஊர், எந்த மதம், எந்தச் சாதி என்று யாராவது சொல்ல முடியுமா என்று வழிகாட்டிக் குரல் கேட்கும். முடியாது என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாம் செய்வது நல்ல காரியம்தான் என்று எனக்கு நெஞ்சு நிறையும்.

அந்த அம்மா தினமும் வருகிறார் என்று முதலில் சொன்னது வாசல் காவலர்தான். வந்தால் வேறு யாரையும் பார்ப்பதில்லையாம், நேராகக் கேட்பவரிடம் போய் நின்றுவிடுகிறாராம், வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாராம். மண்டை கொஞ்சம் கலங்கிய கேஸோ என்று அவருக்குப் பயம். மூக்கை நுழைக்காமல் இருக்க எனக்கு எப்போதும் தெரியாது. கையுறையைக் கூடக் கழற்றாமல் போனேன்.

கேட்பவர் எங்கள் கூடத்தில் பலருக்கும் பிடித்தவர். உடம்பைக் கொஞ்சம் முன்னால் வளைத்து, தலையை வலப்பக்கம் சாய்த்து, நெஞ்சு உயரத்தில் வலது கையை நீட்டி ஒரு சாம்பல் நிறத் தூணின்மேல் உள்ளங்கையைப் பதித்திருப்பார். மோதிர விரல் மட்டும் தூணில் படாமல் சற்றுத் தூக்கியிருக்கும். தூணுக்குள் ஏதோ சத்தம் கேட்கிறது, அதை அவர் கவனிக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் நான் அவரை அமைத்தேன்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பெயர் தனுஷா, திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். என்னம்மா பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது தூணில்லீங்க அம்மிணி," என்றார். "பைப்பு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் தருண், போர்வெல் வண்டியில் வேலை. பூமிக்கு அடியில் மூவாயிரம் அடி போனால்தான் தண்ணீர் என்று ஆகிவிட்ட காலம். அவ்வளவு ஆழத்தில் உணரிகள் தாறுமாறாகக் காட்டும். அதனால் தோண்டுகிற குழாயில் கையை வைத்து, அதிர்வு பாறையுடையதா நீருடையதா என்று சொல்ல வண்டிக்கு ஒருவர் வேண்டும். அவர்தான் தருண். ஒருமுறை குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் மோதிர விரல் நசுங்கி, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து அந்த விரலை மட்டும் தூக்கிக்கொண்டுதான் கையை வைப்பாராம். வீட்டில் சுவரில் சாய்ந்து பேசினாலும் அப்படித்தானாம்.

வடக்கே எங்கோ வண்டி போனபோது போனவர், வண்டி திரும்பியபோது வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டார் என்று வண்டிக்காரர் சொன்னாராம். வேறு ஒருத்தியோடு இருக்கிறார் என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்து தனுஷாக்கா கழுத்தில் தாலியும் இருக்கிறது, கூடவே சந்தேகமும் இருக்கிறது. நல்ல காரியத்தில் முன்னால் நிற்க யாரும் கூப்பிடுவதில்லை. சாவு வீட்டில் தாலியறுத்தவர்களோடு உட்காரவும் முடியாது. எங்கே போனாலும் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் இங்கே வந்தவர், கேட்பவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கூட்டுக்காரருங்க இது. ஓடிப் போகல. செத்துப் போயிருக்காரு," என்றார். அவர் குரலில் அழுகையைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. "ஒரு தீ வெச்சரோணுங்க. எனக்கு வேறொண்ணும் வேண்டாம்."

அடக் கடவுளே என்று இருந்தது எனக்கு. தலையின் சாய்வு, முதுகின் வளைவு, முன்னால் வைத்த கால் எல்லாமே அவர்தான், அச்சு அசல் அவர்தான் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். அவர் பார்க்கிற அந்தத் தலையும் முதுகும் காலும் தருணுடையவை அல்ல என்பது எனக்குத் தெரியும்.

ஊழியர் அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். இறந்த உடலில் உறைமம் ஏற்றி அழுகாமல் நிறுத்துகிற நுட்பம் என் பாட்டன் காலத்திலேயே வந்தது. பிளாஸ்டினேஷன் என்பார்கள். கேட்பாரற்ற உடல்களை அப்போது முழுசாக நிறுத்தி ஊர் ஊராகக் காட்சி நடத்தினார்கள். ஒரு காட்சியில் ஒரு தாய் தன் மகனைப் பார்த்துவிட்டாள். அவன் சம்மதித்தானா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை, பெரிய கலவரமாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் கூட்டுமெய்ச் சட்டம். காட்சிக்கு நிற்கிற எந்த உடலும் ஒரே மனிதருடையதாக இருக்கக் கூடாது. நான்கு பேரை இணைத்து ஒருவர் ஆக்க வேண்டும். மரபணுத் தடம், பல், ரேகை எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். யாருடையதும் அல்லாத உடலுக்கு யாரும் உரிமை கேட்டு வர முடியாது அல்லவா.

"அக்கா, அந்த வலது கை மட்டும்தான் அவரா இருக்கும். தோளில இருந்து விரல் வரைக்கும். மத்ததெல்லாம் வேற ஆளுங்க."

அவர் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, அப்படியென்றால் தலை ஏன் அவர் சாய்க்கிற மாதிரியே சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. உறைமம் இறுகுவதற்கு முன்னால் ஒவ்வொரு உறுப்பையும் திரவத்தில் தொங்கவிடுவோம். எங்கள் தொழிலில் அதற்குத் தளர்விடுதல் என்று பெயர். வாழ்நாளெல்லாம் செய்த வேலைக்கு ஏற்பத் தசை சுருங்கி, கை தானாகவே தன் பழைய நிலைக்குப் போய் நிற்கும். அதை நாங்கள் மாற்றுவதில்லை, மாற்றினால் பொம்மை மாதிரி ஆகிவிடும். இந்தக் கை இப்படி வந்து நின்றதைப் பார்த்துத்தான், இப்படிக் கை வைப்பவர் தலையை எப்படிச் சாய்ப்பார், முதுகை எப்படி வளைப்பார் என்று யோசித்து மற்றவர்களை அதற்கு ஏற்ப வளைத்தேன்.

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. முகத்தை எடுத்தோம், தோலை எடுத்தோம், ரேகையை எடுத்தோம். ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். நிற்கிற நிலையும் ஒரு அடையாளம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உயிர் உள்ளதுபோல் இருக்க வேண்டும் என்று அதை மட்டும் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

கூடத்தின் இயக்குநர் அஸ்வந்த் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்குப் பெரிய தலைவலி. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கையைப் பிசைந்துகொண்டு சன்னலோரம் நின்றார். இதை எழுத்தில் ஒத்துக்கொண்டால் நிலைமை என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும். நிலை ஒரு அடையாளம் என்றால் இங்கே நிற்கிற அத்தனை பேரும் யாரோ ஒருவருடைய அப்பா, யாரோ ஒருத்தியுடைய பிள்ளை. சட்டம் சொல்கிற 'யாருமல்லாதவர்' ஒருவர்கூடக் கிடையாது. கூடத்தை மூட வேண்டியதுதான்.

"வெளியில சுடுகாடுகூட இன்னும் தனித்தனியாத்தான் இருக்கு, ரெனிஷா," என்றார். "இந்த ஒரு இடத்துலதான் யாரும் யாரையும் நீ என்ன ஆளுன்னு கேக்கறதில்ல. எங்கப்பாவையே நான் இதுக்குத்தான் குடுத்தேன். எதுல இருக்காருன்னு எனக்கே தெரியாது. தெரிய வேண்டாம்னுதான் குடுத்தேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பிள்ளைகள் 'முடியாது' என்று கத்தும் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் தருணை யாரும் கொடுக்கவில்லை, தருணும் கொடுக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில் கேட்பாரற்றுக் கிடந்தவரை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதை அவரிடம் சொன்னேன். அவருக்கும் அது தெரியும். கடைசியில் ஒரு வழி சொன்னார். வலது கையை மட்டும் பிரித்துப் பழுதான உறுப்பு என்று கணக்கில் கழித்துவிடலாம். அந்த அம்மா சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போய் எரித்துக்கொள்ளட்டும். பிரிக்கிற வேலை என்னுடையது.

தனுஷாக்காவின் கொழுந்தன் மிதுனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அண்ணன் பெயருக்கு ஊரில் ஒட்டிக்கொண்டிருந்த ஓடுகாலிப் பட்டம் தொலைந்தால் போதும் அவருக்கு. புல்லில் ஓர் உருவம் செய்து, அதோடு கையைச் சேர்த்து வைத்து எரித்துவிடலாம் என்றார். முழு உடலும் வருவதாக இருந்தால் ஊர் ஒத்துக்கொள்ளாது, மற்ற மூன்று பேரும் எந்த ஆட்களோ என்னவோ, தங்கள் சுடுகாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று அவரே சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

பிரிக்கிற அன்று தானும் கூட இருக்க வேண்டும் என்று தனுஷாக்கா அடம்பிடித்தார். பட்டப்பகலில் கேட்பவரை இணைப்பறைக்குக் கொண்டுவந்து மேசையில் படுக்க வைத்தோம். தூண் இல்லாமல் அந்தக் கை வெறுங்காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. தோளில் இணைப்புக் கோடு எங்கே என்று காட்டினேன். மயிரிழை அகலம்தான் இருக்கும். அவர் அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அதுவரைக்கும் தனுஷாக்கா கேட்பவரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, அந்தக் கோணல் விரலுக்குக் கீழே தன் விரலைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் திரும்பி, பிரிக்கிற அறுவிக் கத்தி கூராக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன்.

நான் பக்கத்தில் வந்ததும் அவர் இடது கையைக் காட்டி, இது சின்னதாக இருக்கிறதே, பெண்பிள்ளையின் கையா என்று கேட்டார். இல்லை, எலும்பைப் பார்த்தால் வளர்ச்சி முடியாத ஒரு பையன் என்றேன். தலை யாருடையது என்றார். மண்டைத் தையல்கள் மூடிவிட்டன, வயதானவர் என்றேன். முதுகும் காலும் மூட்டை தூக்கிய ஆளுடையவை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதற்குமேல் யாருக்கும் தெரியாது.

"இவரு கையை எடுத்துட்டா, இவிங்க மூணு பேரும் மறுக்கா அங்கயே போய் நிக்கோணுங்களா?"

ஆமாம் என்றேன். வலது கைக்கு இன்னொருவருடைய கையை இணைத்துவிடுவோம்.

"இன்னொருத்தரு கையா," என்றார். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அறுவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எரிச்சல்கூட வந்தது எனக்கு. சீக்கிரம் முடிந்தால் அவர் கையை வாங்கிக்கொண்டு போவார், நான் வேலையைப் பார்க்கலாம். அவர் பையனுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அறுக்காத, அம்மிணி. இத்தன வருசம் இவரு இவிங்களோடதான நின்னுருக்காரு. இந்தப் பையனுக்கும் யாராச்சும் எங்கியாச்சும் பாத்திரத்துக்கிட்ட உக்காந்துருப்பா. எனக்கு நாலு பேரும் வேணும்."

நாலு பேரும் வேண்டும் என்றால் சத்தமில்லாமல் நடக்காது. உடலுரிமை ஆணையத்தில் வழக்குப் போட வேண்டும், தோற்றால் கையும் கிடைக்காது. ஜெயித்தால் ஊர்ச் சுடுகாடு கிடைக்காது. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவருக்கும் பயம்தான். ஆனால் எழுந்து அறுவியை என் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்துவிட்டார். வெளியே காத்திருந்த மிதுன் விஷயம் கேள்விப்பட்டுக் குதித்தார். கைக்கு எட்டியதை வேண்டாம் என்கிறவளுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போனார்.

ஆணையத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தருண் வண்டியில் வேலை செய்த பழைய காணொளி ஒன்றைத் தனுஷாக்கா வைத்திருந்தார். அசைவுகளை ஒப்பிடுகிற பகுப்பிக் கருவி அதையும் கேட்பவரின் கையையும் ஒப்பிட்டுப் பொருந்துகிறது என்றது. கூடத்தின் வழக்கறிஞர் அசரவில்லை. அந்தக் கையை அப்படி வைத்தது ஒரு கலைஞரின் கற்பனை, கற்பனை யாரோடு வேண்டுமானாலும் பொருந்தலாம் என்றார். அஸ்வந்தும் பேசினார். கூடம் எதற்காக வந்தது, பிள்ளைகள் அங்கே எதைக் கற்கிறார்கள் என்று நன்றாகவே பேசினார். அவர் பேசி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இந்தக் கையை இப்படி வைத்தது நீங்களா என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கூடம் தப்பும், என் வேலை தப்பும், அந்தப் பிள்ளைகளின் சத்தமும் தப்பும். தனுஷாக்காவின் தீ மட்டும் போய்விடும். அஸ்வந்த் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, சும்மா பார்த்தார். அவர் மிரட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"நான் வைக்கல," என்றேன். "அது தானா போய் அப்படி நின்னது. எங்க கூடத்துல இருக்கிற ஒவ்வொரு கையும் காலும் அப்படித்தான் நிக்குது."

தீர்ப்பு வந்தது. கேட்பவரைத் தனுஷாவிடம் ஒப்படைக்க வேண்டும். மறு உத்தரவு வரும்வரை கூடத்துக்குள் பார்வையாளர்களை விடக் கூடாது. செய்தி பரவியதும் மூடிய கதவுக்கு வெளியே ஜனம் சேர்ந்துவிட்டது. காணாமல் போனவர்களின் வீட்டார். எங்க அம்மா இடுப்பில் கை வைத்துத்தான் நிற்பாள், அப்படி யாராவது இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். தங்கை நடக்கும்போது இடது பாதத்தை உள்ளே திருப்புவாள் என்றார் இன்னொருவர். எனக்குப் பதில் தெரிந்த கேள்விகளும் அதில் இருந்தன. ஆணையம் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே அஸ்வந்த் தனியாக ஒவ்வொருவர் முன்னாலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாய்ந்தவரின் தோளைத் தொட்டுப் பார்த்தார். நான் வந்ததைக் கவனித்துவிட்டு, எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டேன் என்றார். அப்பா கிடைத்தாரா சார் என்று நான் கேட்டிருக்கக் கூடாதுதான்.

"எங்கப்பா எப்படி நிப்பாருன்னு எனக்கு ஞாபகம் வரல, ரெனிஷா. முகம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

ஊர்ச் சுடுகாட்டில் இடம் தர முடியாது என்று தனுஷாக்காவின் ஊர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நகராட்சியின் எரிவாயுத் தகனச் சூளைக்குக் கொண்டுபோனோம். கூடத்து ஊழியர்கள் சிலர், நான், தனுஷாக்கா, அவருடைய மகள். மிதுனும் வந்திருந்தார், ஆனால் வாசல் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. எந்த முறைப்படி செய்வது என்று சூளைக்காரர் கேட்டபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலு பேரில் புதைக்கிற வழக்கமுள்ளவர்களும் இருக்கலாம், எங்கள் வீட்டிலேயே புதைப்பதுதான் வழக்கம் என்று நான் சொன்னேன். மண்ணுக்குள் வைத்தால் இது மட்குமா என்று தனுஷாக்கா என்னைக் கேட்டார். மட்காது, உறைமம் மண்ணில் கரையாது என்றேன். அப்படியானால் தீதான் என்று முடிவு செய்தார். மண்ணுக்கு ஆசைப்பட்டவர் யாராவது இருந்தால் மன்னித்துக்கொள்ளச் சொல்லி, கேட்பவரின் நெஞ்சைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டார்.

பிறகு அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். இத்தனை வருஷத்து அழுகை. ஓடிப்போனாய் என்று நானும் நம்பினேனே என்று சொல்லிச் சொல்லி அழுதார். மகள் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் பக்கத்தில் சாவு என்றால் முறை சொல்லிக் கூப்பிட்டுத்தான் அழுவார்கள். மாமா என்றும் சாமி என்றும் தருணைக் கூப்பிட்டு அழுது ஓய்ந்தபோது, காரியம் முடிந்தது என்று நினைத்துச் சூளைக்காரர் கதவைத் திறக்கப் போனார். தனுஷாக்கா கையை நீட்டித் தடுத்தார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தார். யாரென்று தெரியாத அந்தக் கிழவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். "எங்கப்பா," என்று கூப்பிட்டார். "பெத்த மக்க எங்க இருக்காங்களோ, எங்கப்பா." அழுதார். அது நடிப்பு அல்ல, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலடிக்குப் போனார். மூட்டை தூக்கிய அந்தக் காலைத் தொட்டு அண்ணா என்றார். எத்தனை பாரம் சுமந்தாயோ, உன்னைச் சுமக்க ஆளில்லாமல் போயிற்றே என்று அழுதார். கடைசியாகப் பையனுடைய இடது கைக்கு வந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தார், தொண்டை கட்டிப்போயிருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றது அவர் கண்.

"எனக்கு இதுக்குமேல முடியல, கண்ணு. நீதான இவிங்கள ஒண்ணா சேத்து வெச்சே. இவன நீ கூப்புடு."

அந்தக் கையைத் திரவத்தில் தொங்கவிட்டவள் நான். எலும்பை அளந்தவள் நான். தோளோடு பொருத்தி, கோடு தெரியாமல் இழைத்து, நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டவளும் நான்தான். இவன் செத்த நாளில் இவனுடைய வீட்டில் யாருக்கும் தகவல் போகவில்லை என்று அப்போது ஒரு நிமிஷம்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஓடிவிடலாமா என்றும் இருந்தது.

பக்கத்தில் போனேன். கையுறையைக் கழற்றினேன். வெறுங்கையால் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விரல்கள் எதையோ பிடிக்கப் போகிற மாதிரி பாதி மடங்கியிருந்தன. அந்த மடிப்புக்குள் என் கையை வைத்தபோது சரியாகப் பொருந்தியது. எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற வார்த்தை, நான் இதுவரை யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை, தானாக வாயில் வந்தது.

"எனக்க மக்களே," என்றேன்.

தனுஷாக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தக் கையை விடவில்லை, வாய்விட்டு அழுதேன். சூளைக்காரர் அவசரப்படுத்தாமல் ஓரமாக நின்றார்.